கிழவனார் அடுக்கும் விதம்

அக்டோபர் மாதம் பதினான்காம் நாள். விடியற்காலையில் பெய்த தூறல் ஓய்ந்து, வானம் கழுவிக் கவிழ்த்த தட்டைப்போல் வெளுத்திருந்தது. கடற்காற்று மட்டும் தெருவிலுள்ள கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு சென்றது. இத்தகைய இனிய காலைப்பொழுதில், துறைமுக நீர்மட்ட அலுவலகத்தில் பணிபுரியும் இளையவள், தன் கணவன் தேநீரில் ஒரு மிடறு பருகி, முகம் கோணாமல் அதை விழுங்குவதைக் கண்டாள். முகம் கோணாமலிருக்க அவன் பட்ட பாடே அவனைக் காட்டிக்கொடுத்தது.

"உப்பா?" என்று வினவினாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் அவன்.

அவன் அறிவாளி. தேநீரைப் போட்டவள் அவனுடைய அக்காள். டப்பாக்களை அடுக்கியவள் அவனுடைய மனைவி. எவரைக் குறை கூறினாலும் இரவு உணவு தொண்டையில் இறங்காது என்பதை அவன் திருமணமான முதல் வாரத்திலேயே கற்றுத் தேர்ந்திருந்தான்.

"சர்க்கரை எங்க இருக்கணுமோ அங்கதான் எடுத்தேன்," என்று சமையலறையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "மேலேருந்து ரெண்டாவது டப்பா. அங்க உப்பைக் கொண்டுவந்து வச்ச புண்ணியவதி யாரு?"

"மேல்தட்டுல ரெண்டாவது டப்பா, அண்ணி. இடமிருந்து வலம். உலகமே அப்படித்தான் அடுக்குது."

"உலகம் அடுக்கட்டும்மா. உலகம் வந்து இங்க தேநீர் போடுதா?"

இவ்வழக்கின் வரலாறு சுருக்கமானது. சமையலறை அலமாரியில் நான்கு தட்டுகள். தட்டுக்கு நான்காகப் பதினாறு டப்பாக்கள். பதினாறும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றுபோலிருக்கும் எவர்சில்வர் டப்பாக்கள். முதலில் தேயிலை, அடுத்து சர்க்கரை, ஐந்தாவதாக உப்பு, கடைசியில் மிளகு என்னும் ஒழுங்கில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இளையவள் மேல்தட்டை இடமிருந்து வலமாக நிரப்பிவிட்டு அடுத்த தட்டுக்கு இறங்குவாள். நாத்தனாரோ இடப்பக்க ஓரத்தில் மேலிருந்து கீழாக நான்கை வைத்துவிட்டு, பிறகு அடுத்த நிரலுக்கு, அதாவது பக்கத்துச் செங்குத்து வரிசைக்கு, நகர்வாள். வாரக் கடைசியில் டப்பாக்களைக் கழுவியவர் கை எதுவோ, அந்த வாரம் அந்தச் சட்டம். மற்றவர் தேநீரில் உப்பு.

வீட்டில் 'அண்ணி'யாக இருப்பவள், வாசற்படியைத் தாண்டிப் பேருந்தில் ஏறி அலுவலக மின்தூக்கியில் கால் வைத்ததும் 'மேடம்' ஆகிவிடுவாள். இருவரும் ஒரே மாடியில், ஒரே அறையில், முதுகுக்கு முதுகு காட்டி அமர்ந்து பணிபுரிந்தனர். கப்பலில் பொறியாளராக இருந்த நாத்தனாரின் கணவர் ஆண்டில் இரண்டு முறையே கரை சேர்வார். ஆகையால் அவள் சண்டையிடும் ஆர்வம் முழுவதும் சேதாரமின்றித் தம்பியின் மனைவிக்கே வந்து சேர்ந்தது.

அவ்வறையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அவர் மனிதரல்லர். எட்டுப் படகுத்துறைகளிலும் கடல்நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் எனக் கணக்கிடும் கணினிக் கட்டளைத்தொகுப்பு அது. நாத்தனார் தன் இளமையில் ஃபோர்ட்ரான் என்னும் பழைய கணினி மொழியில் எழுதி, இயந்திரத்துக்கு மட்டுமே விளங்கும் வடிவில் தொகுத்து வைத்தது. வயதையும் பிடிவாதத்தையும் கருதி அலுவலகமே அதைக் 'கிழவனார்' என்று அழைத்தது. கிழவனார் கணக்கில் புலி, பழகுவதற்குக் கரடி. அவர் இத்தனை காலம் குடியிருந்த பழைய கணினி சென்ற வாரம் புகை கக்கிக் கண்ணை மூடிவிடவே, இனி அவரைப் புதிய கணினியில் குடியமர்த்தி, பைத்தான் என்னும் இக்காலக் கணினி மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் என்னும் சிறு கட்டளைத்தொடரின் வழியாக அழைத்து வேலை வாங்கும் பொறுப்பு இளையவளிடம் வந்திருந்தது.

அழைப்பது அத்துணை எளிதன்று. முதலில், பெயர் சொல்லி அழைத்தால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அரைநாள் அலைந்த பிறகே, தொகுக்கும்போது அவருக்குள்ளிருக்கும் ஒவ்வொரு பகுதியின் பெயருக்குப் பின்னாலும் ஓர் அடிக்கோடு வாலைப்போல் ஒட்டிக்கொள்கிறது என்பதை இளையவள் கண்டறிந்தாள்.

"வால் இருக்குன்னு சொல்லக்கூடாதா, மேடம்?"

"நீ கேட்டியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

வாலோடு அழைத்தபோது அவர் வந்தார். வந்த வேகத்தில் ஸ்கிரிப்டையும் இழுத்துக்கொண்டு செத்து விழுந்தார். ஒரு பிழைச்செய்தி இல்லை. ஒரு முனகல்கூட இல்லை. காரணம் பின்னர் புலப்பட்டது. கிழவனார் பொருளைக் கையில் வாங்கமாட்டார். பொருள் இருக்கும் முகவரியைத்தான் வாங்குவார். துறைகள் எட்டு என்று தெரிவிக்க 'எட்டு' என்னும் எண்ணை நேராகக் கொடுத்தால், அதை எட்டாம் இலக்க வீடு என்று எண்ணி, நினைவகத்தில் அவ்வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டுவார். அங்கே எவருக்கும் நுழைய உரிமை இல்லை. கணினி கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். எட்டை ஓரிடத்தில் எழுதி வைத்து, அவ்விடத்தின் முகவரியைப் பணிவுடன் நீட்டியபோதுதான் அவர் மனமிரங்கினார்.

"மாமனார் மாதிரி இருக்காரு," என்றாள் இளையவள்.

"எங்க அப்பாவைச் சொன்னியா, கிழவனாரைச் சொன்னியா?"

"ரெண்டு பேரையும்தான், மேடம்."

இறுதியில் கொடுக்க வேண்டியது ஓர் அட்டவணை. துறைக்கு எட்டு எண்கள். சந்திரனின் இழுப்பு, சூரியனின் இழுப்பு என எட்டு வகை இழுப்புகள் அத்துறையில் நீரை எவ்வளவு அசைக்கின்றன என்பதைக் கூறுபவை. எட்டுத் துறைக்கு எட்டெட்டாக அறுபத்து நான்கு எண்கள். அவற்றை ஒப்படைத்ததும், ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தனவா எனச் சோதிக்க வேண்டியிருந்தது.

"முதல் எண்ணும் கடைசி எண்ணும் சரியா வந்திருக்கா பாரு," என்றாள் நாத்தனார். "ரெண்டு முனையும் சரின்னா நடுவுல எல்லாம் சரியாத்தான் இருக்கும்."

"நானும் அதைத்தான் நினைச்சேன், மேடம்."

இரு முனைகளும் சரியாக இருந்தன. அந்த இரண்டு பெண்களும் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கருத்தில் ஒத்துப்போன இடம் அது.

இவையெல்லாம் முந்தைய நாட்களில் நடந்தவை. அன்று காலை அலுவலகத் தலைவர் அவர்களுடைய அறைக்கு வந்தார். எவர் எதைக் கூறினாலும் "அப்புறம்?" என்று கேட்கும் வழக்கமுள்ளவராதலால், முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'அப்புறம் சார்'.

"இன்னிக்குத் தீவுப் பூங்காவுக்கு ராட்சத ராட்டினம் வருது," என்றார் அவர். "மிதவையில படுக்க வச்சு, இழுவைப் படகு இழுத்துக்கிட்டு வரும். முகத்துவாரத்து மணல்திட்டு மேல தண்ணி நல்லா ஏறினாத்தான் தாண்டும். அந்த நேரத்தை உங்க புது ஏற்பாடுதான் சொல்லணும்."

"சொல்லிடும், சார்," என்றாள் இளையவள்.

"சரியா சொன்னா, இந்தப் பிரிவு இங்கேயே இருக்கட்டும்னு எழுதிடறேன். மிதவை தரை தட்டி, ஊரே வேடிக்கை பார்த்துச்சுன்னா, வேலை தலைமை அலுவலகத்துக்குப் போயிடும். ஸ்கிரிப்ட் எழுதினவங்களும் கூடவே போகவேண்டியதுதான். அப்புறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை. தலைமை அலுவலகம் ஒரு முழுப்பகல் ரயில் தொலைவில் இருந்தது. கணவன் இங்கே, வீடு இங்கே, உப்புத் தேநீர் உட்பட அவளுடைய வாழ்க்கை முழுவதும் இங்கே.

"நீ போயிட்டா எங்க அலமாரிக்கு விமோசனம்," என்று நாத்தனார் திரும்பிப் பாராமலே கூறினாள். ஆனால் அப்பேச்சில் வழக்கமான காரம் இல்லை என்பதை இளையவள் கவனிக்காமலில்லை.

நண்பகலில் ஸ்கிரிப்ட் கிழவனாரை அழைத்தது. கிழவனார் கண்மூடித் திறப்பதற்குள் விடை பகர்ந்தார்: முகத்துவாரத்தில் உச்ச நீரேற்றம் மாலை ஆறரை மணி. தலைவர் மேசையைத் தட்டி மகிழ்ந்தார். இழுவைப் படகின் தலைவன் நேரத்தைக் கேட்டுக்கொள்ள வந்தான். நெடிது வளர்ந்து கழுத்தை முன்னே நீட்டி நடப்பவனாகையால் துறைமுகம் முழுவதும் அவனைக் 'கொக்கு' என்றே அறியும்.

"ஆறரையா? அப்ப ஆறு மணிக்குக் கயிறு அவிழ்த்தாப் போதும்," என்றான் கொக்கு. "அதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு, முகத்தைச் சவரம் பண்ணிக்கலாம். ராட்டினம் வர்றதைப் பார்க்க ஊரே வரும். நாம லட்சணமா இருக்க வேண்டாமா?"

மாலை நான்கு மணியளவில், இளையவள் எட்டுத் துறைகளின் அறிவிப்புப் பலகைகளுக்கும் நேரங்களை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தாள். முகத்துவாரத்தில் ஆறரை. ஆற்றின் உள்ளே வெகுதொலைவிலுள்ள நான்காம் துறையில் ஐந்தே முக்கால். விசைப்பலகையின்மேல் அவள் விரல்கள் நின்றன.

கடல்நீர் முகத்துவாரத்தின் வழியாகத்தான் ஆற்றுக்குள் நுழைய வேண்டும். வாசலைத் தொடாமல் அது எவ்வாறு கொல்லைப்புறத்தை முதலில் நிரப்பியது? சுவரேறிக் குதித்ததா?

ஒரு கணம், எவரும் காணாத ஓர் எண்ணம் அவள் மனத்தில் எட்டிப் பார்த்தது. முகத்துவாரத்து நேரம் சரியாகவும், நான்காம் துறையின் நேரம் மட்டும் தவறாகவும் இருக்கக்கூடுமல்லவா? வாயைத் திறந்தால் தலைவரின் காதுக்கு எட்டும், எட்டினால் ரயில். வாயை மூடியிருந்தால், ஒருவேளை, ராட்டினம் தாண்டிவிடும். அவ்வெண்ணத்தை அவள் ஈயை விரட்டுவதுபோல் விரட்டிவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

"மேடம், கிழவனார் தப்பா சொல்றார்."

"என் கிழவனார் இத்தனை வருஷத்துல ஒரு நிமிஷம் தப்பினது கிடையாது," என்று நாத்தனார் நாற்காலியோடு திரும்பினாள். "உன் ஸ்கிரிப்ட்தான் என்னத்தையோ ஊட்டிவிட்டிருக்கு."

"என் அட்டவணை சுத்தம். நீங்களே பாருங்க."

"பார்க்கத்தான் போறேன். நகரு."

நாத்தனார் நகர்த்தினாள் என்பதைவிட, இடுப்பால் இடித்துத் தள்ளினாள் என்பதே பொருத்தம். தனக்கு வந்து சேர்ந்த அறுபத்து நான்கு எண்களையும் திரையில் எழுதிக் காட்டும்படி அவள் கிழவனாருக்கு ஒரு சிறு கட்டளை சேர்த்து, மீண்டும் தொகுத்தாள். கிழவனார் எழுதிக் காட்டினார். இளையவள் தன் அட்டவணையை அதன் பக்கத்திலேயே திறந்து வைத்தாள்.

முதல் எண் சரி. கடைசி எண் சரி. ஆனால் மேல்வரிசையில் இரண்டாவதாக இருக்க வேண்டிய எண் அங்கே இல்லை. அது இடப்பக்க ஓரத்தில், ஒரு வரிசை கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. அங்கே இருக்க வேண்டியதோ மேலே ஏறியிருந்தது.

"உன்னோட ரெண்டாவது எண் இங்க வந்திருக்கு பாரு," என்று நாத்தனார் திரையில் விரலை வைத்தாள். "மேலேருந்து ரெண்டாவது…"

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"சர்க்கரை," என்றாள் இளையவள்.

"உப்பு," என்றாள் நாத்தனார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். நினைவகத்தில் தட்டும் இல்லை, நிரலும் இல்லை. அறுபத்து நான்கு எண்களும் ஒரே நீண்ட வரிசையில்தான் நிற்கின்றன. அவ்வரிசையை ஸ்கிரிப்ட் இடமிருந்து வலமாக, தட்டுத் தட்டாக நிறுத்தியிருந்தது. ஃபோர்ட்ரான் மொழியின் பிறவிக்குணத்தின்படி கிழவனார் அதை மேலிருந்து கீழாக, நிரல் நிரலாக எடுத்துக்கொண்டார். எண்ணிக்கை இரு பக்கமும் எட்டாதலால் எங்கும் இடிக்கவில்லை, எவரும் கூச்சலிடவில்லை. அலமாரியில் தேயிலையும் மிளகும் எப்படி அடுக்கினாலும் இடம் மாறாததுபோலவே, முதல் எண்ணும் கடைசி எண்ணும் மாறாமல் நின்று இருவரையும் ஏமாற்றிவிட்டன.

"இத்தனை நாளா வீட்டுல இதையேதான் சண்டை போட்டுக்கிட்டிருக்கோம், அண்ணி," என்றாள் இளையவள். அலுவலகத்தில் 'மேடம்' என்றழைக்க வேண்டும் என்பது அவளுக்கு மறந்துபோயிற்று. நாத்தனாரும் திருத்தவில்லை.

"சரி, உன் அட்டவணையைத் திருப்பு."

"ஏன், உங்க கிழவனாரைத் திருப்பினா என்னவாம்?"

"அவர் இந்த வயசுலயா திரும்பப் போறார்? மணி என்ன ஆகுது, வாதாடிக்கிட்டு நிக்கறே!"

வாதாட நேரமில்லைதான். அட்டவணையையும் தொடாமல், கிழவனாரையும் தொடாமல், இருவருக்கும் நடுவிலிருந்த இணைப்புப் பகுதியில் இளையவள் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாள்: எண்களை ஒப்படைக்கும்போது ஃபோர்ட்ரான் ஒழுங்கில் அடுக்கிக் கொடு என்பது அதன் பொருள். கிழவனாரை மறுபடி அழைத்தாள். முகத்துவாரத்தில் உச்ச நீரேற்றம் ஐந்து இருபது. உள்துறைகளில் ஒவ்வொன்றாக, முறையாக, அதற்குப் பின்னரே. வாசல் வழியாக வந்த விருந்தாளியைப்போல் நீர் மரியாதையாக நடந்துகொண்டது.

ஆறரைக்குப் போனால் நீர் இறங்கத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருக்கும். ராட்டினம் மணல்திட்டின்மேல் குந்திவிடும். கொக்குவின் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.

"சவரக்கடை," என்றாள் நாத்தனார். "துறைமுக வாசல்ல. ஓடு. சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"தப்பு என்னோடது, அண்ணி. நான்தான் சொல்லணும்."

"முதலையும் கடைசியையும் மட்டும் பாருன்னு சொன்னது யாரு? உங்க ஆத்தாவா? ஓடுன்னா ஓடு!"

இளையவள் ஓடினாள். மின்தூக்கிக்குக் காத்திராமல் படிகளில் இறங்கி, கொள்கலன்களுக்கு இடையே புகுந்து, சவரக்கடையின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். உள்ளே கொக்கு தலையைப் பின்னால் சாய்த்து, பாதி முகம் பளபளக்க, மறுபாதி நுரைக்குள் மறைந்திருக்க, கண்மூடி ஆனந்தத்தில் ஆழ்ந்திருந்தான்.

"அண்ணே, எழுந்திருங்க! ஆறரை இல்ல, அஞ்சு இருபது!"

கொக்கு ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "என்னம்மா இது? மத்தியானம் ஒண்ணு சொல்றீங்க, சாயங்காலம் ஒண்ணு சொல்றீங்க. நான் எதை நம்பிக் கயிறு அவிழ்க்கறது?"

நாவிலிருந்த சாக்குகளையெல்லாம் அவள் விழுங்கினாள். "எண்களை நான் வரிசை மாத்திக் கொடுத்துட்டேன். அதனால முகத்துவாரத்துக்கு முன்னாடியே நாலாம் துறையில தண்ணி ஏறும்னு கணக்கு வந்துச்சு. அப்படி ஏறுமா, நீங்களே சொல்லுங்க."

கொக்கு நுரைக்குள்ளிருந்து சிந்தித்தான். "ஏறாது."

"அதைப் பார்த்துத்தான் தப்பைக் கண்டுபிடிச்சேன். இப்ப சரி பண்ணியாச்சு. மிதவை தட்டினா என்னை வண்டியேத்தி அனுப்பிடுவாங்க, அண்ணே. பொய் சொல்லி எனக்கு என்ன லாபம்?"

கொக்கு துண்டை உருவி எறிந்துவிட்டு எழுந்தான்.

"இன்னொரு கன்னம்?" என்று சவரத் தொழிலாளி கத்தியை உயர்த்தியபடியே கேட்டார்.

"அடுத்த நீரேற்றத்துக்கு!" என்று வாசலிலிருந்து பதில் வந்தது.

அலுவலகத்தின் பெரிய சன்னலருகே அப்புறம் சார் கைகளைக் கட்டி நின்றிருந்தார். அவருக்கு ஒரு பக்கம் நாத்தனார். மூச்சிரைக்க வந்து சேர்ந்த இளையவள் மறுபக்கம் நின்றாள். நாத்தனாரின் முகத்திலிருந்து, நடந்தது அத்தனையும் தலைவருக்குச் சொல்லப்பட்டுவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

தொலைவில் இழுவைப் படகு புகை கக்கிக்கொண்டு தோன்றியது. அதன் பின்னால், மிதவையின்மேல், மல்லாந்து படுத்த ராட்டினம் சிவப்பும் மஞ்சளுமான தொட்டில்களோடு மெல்ல வந்தது. கரையில் கூட்டம் ஆரவாரித்தது. மணல்திட்டை நெருங்கியதும் மிதவை தயங்கியது. கயிறு இறுகியது. கூட்டத்தின் ஓசை அடங்கிற்று.

அந்தச் சமயம் பார்த்து நாத்தனாரின் தொலைபேசி அலறியது. எதிர்முனையில் அவளுடைய தம்பி, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும் குரலில்.

"அக்கா, டப்பா எல்லாத்தையும் நானே கழுவிட்டேன். சண்டையே வேணாம். இப்ப எப்படி அடுக்கட்டும், சொல்லு?"

"தொடாதே!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினர். அவன் பக்கத்தில் ஏதோ டப்பா உருண்டு விழும் ஓசை கேட்டது.

மிதவை ஒருமுறை குலுங்கியது. பின்னர், தொட்டில்கள் ஒன்றோடொன்று இலேசாக மோதிக் கிணுகிணுக்க, மணல்திட்டைத் தாண்டி ஆற்றின் அமைதியான நீருக்குள் வழுக்கிச் சென்றது. இழுவைப் படகின் மேல்தளத்தில் கொக்கு பாதித் தாடியோடு நின்று, கூட்டத்துக்குத் தன் மழித்த கன்னத்தை மட்டும் காட்டிக் கையசைத்தான்.

தலைவர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். பிறகு வழக்கம்போலக் கேட்டார்: "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல, சார்," என்றாள் நாத்தனார். "இவ இங்கதான் இருப்பா. எழுதிடுங்க."

தலைவர் தலையசைத்துப் பேனாவைத் தேடிச் சட்டைப்பையில் கை விட்டார். இளையவள் சன்னற்கம்பியைப் பற்றிக்கொண்டு மூச்சை வெளியே விட்டாள். சுவர்க்கடிகாரத்தில் மணி மாலை ஐந்து இருபத்திரண்டு.